குடும்பத் தலைவரை அழைத்து வாருங்கள்

மீசை இடப்பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பனைக்காரப் பெண் மூன்றாவது தடவையாக அதை ஒட்டிவிட்டு, "சேர், தயவு செஞ்சு சிரிச்சிராதிங்க" என்று எச்சரித்துப் போனாள். சிரிக்கும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்து அரசாங்கக் கச்சேரி ஒன்றில் நான் அன்று பெரிய அதிகாரி. எனக்கு முன்னால் மேசை, மைக்கூடு, இறகுப் பேனா. எதிரே ஆரையம்பதி மக்கள் நாற்பது பேர், கைத்தொலைபேசிகளை மடியில் மறைத்துக்கொண்டு, அடக்குமுறைக்கு ஆளாவதற்காகக் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தார்கள்.

சென்ற வாரம் என் பிரியாவிடை விருந்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சுவாரசியமான பகுதி எப்போது வரும்?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். முப்பது ஆண்டுகள் காணிக் கந்தோரில், நிலப் பத்திரம் வழங்கும் அலுவலகத்தில், இருந்தவனின் வாழ்க்கையில் அப்படி ஒரு பகுதி இருப்பதாக அவர் நம்புவது என்னை நெகிழச் செய்தது. ஆகவே இந்த வாரம் சினிமா.

சிரித்த நாற்பது பேர்

படத்தின் கதை எளிமையானது. அக்காலத்தில் ஒரு பெண்ணின் வயலையும் வீட்டையும் கச்சேரி பறிக்கிறது. அவள் கச்சேரியோடும் நீதிமன்றத்தோடும் ஊர்ப் பெரியவர்களோடும் தனியே போராடுகிறாள். இயக்குநர் நிரோஷன் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். நல்ல மனிதர். சரித்திரத்தின்மீது அவருக்கு இருந்த மரியாதை அளவு கடந்தது. அவருடைய படத்தில் எல்லோரும் மெதுவாகவே நடந்தார்கள். அக்காலத்தில் ஒருவருக்கும் அவசரம் இருந்ததில்லை போலும்.

வாவிக்கரையில் பாழடைந்து கிடந்த கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்துக்குச் சுண்ணாம்பு பூசிக் கச்சேரி ஆக்கியிருந்தார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் உள்ளேயிருந்து 'கடன் சொல்ல வேண்டாம்' என்ற பழைய எழுத்துகள் மெல்ல வெளியே வந்தன. அதற்கு மேலே மகாராணியின் படத்தை மாட்டினார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

அன்றைய முதற்காட்சி: அதிகாரியின் தீர்ப்புக்குப் பிறகு, கணவன் கச்சேரி வாசலில் கதாநாயகியின் கையை உதறி, "இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே!" என்று கர்ச்சிக்க வேண்டும். கூடியிருக்கும் சனங்கள் கண்ணீர் விட வேண்டும். கணவனாக நடித்தவர் கட்டுமஸ்தானவர். கர்ச்சித்தார்.

சனங்கள் சிரித்தார்கள்.

முதலில் பின்வரிசையில் ஒரு பெண். பிறகு நாற்பது பேரும். முன்வரிசையில் நின்ற சின்னராசா, வாவியில் இறால் பிடிப்பவர், சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் குந்திவிட்டார்.

"என்ன நடந்தது? ஏன் சிரிக்கிறாங்க?" என்றார் நிரோஷன்.

"தம்பி, கோவிக்காதிங்க" என்றார் சின்னராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவர் ஆர்ர ஊட்ட விட்டு ஆரப் போகச் சொல்லுறார்? அது அவட ஊடு. சண்டை வந்தா சாறனச் சுருட்டிக் கமக்கட்டுக்க வச்சிக்கிட்டு நாங்கதான் வெளிக்கிடணும். நானே மூணு தரம் வெளிக்கிட்டிரிக்கன்."

"நாலு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அது அவருடைய மனைவி.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள். ஆண், கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் அப்படித்தான் போனேன், ஒரு தகரப் பெட்டியும் மெய்யியலில் ஒரு சிறப்புப் பட்டமும் கொண்டு. பெட்டி உபயோகப்பட்டது.

கோட்டுக்குள் இருந்த கடிதம்

எனக்கு இந்த வேடம் எப்படி வாய்த்தது என்று சொல்ல வேண்டும். பழைய காணிச் சட்டங்களைப் பற்றி விசாரிக்க வந்த நிரோஷன், பேச்சின் நடுவே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், உங்கட முகம் எனக்கு வேணும்."

"அப்படி என்ன இருக்கிறது அதில்?"

"கேக்க முந்தியே இல்லை எண்டு சொல்லுற முகம்."

வவுனியாவில் படிப்பிக்கிற என் மகள் இதைத் தொலைபேசியில் கேட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "போங்கப்பா. வீட்டுக்குள்ளயே இரிக்காதிங்க" என்றாள். அவளுடைய அம்மா இல்லாமல் அப்போது எட்டாவது மாதம்.

என் வேடத்துக்குக் கோட்டுத் தைத்தவர் காத்தான்குடி ஹனிபா நானா. கனத்த கறுப்புத் துணி. "சேர், இது வெள்ளைக்காரன் அவன்ட குளிருக்குக் கண்டுபுடிச்ச உடுப்பு. வேர்வைக்கு நான் பொறுப்பில்ல" என்று முன்கூட்டியே கைகழுவிவிட்டார்.

அந்தக் கோட்டுக்குள், சட்டைப் பையில், ஒரு கடிதம் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. நான் முன்பு வேலை பார்த்த அதே கந்தோரிலிருந்து வந்தது. எந்தக் கந்தோர் என்று எழுதப்போவதில்லை.

விஷயம் இதுதான். வாவிக்கு அப்பால், படுவான்கரையில், என் மனைவி தவமணிக்கு, அரசாங்கக் காணிப் பத்திரத்தில், மூன்று ஏக்கர் வயல். அவளுடைய தாய் அவளுக்குக் கொடுத்தது. யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் பத்திரம் தொலைந்துபோயிற்று. புதிய பத்திரத்துக்குத் தவமணி விண்ணப்பித்தாள். கிடைக்காமலே போய்விட்டாள். இப்போது கந்தோர் எனக்கு எழுதியிருந்தது: விண்ணப்பதாரர் காலமாகிவிட்டபடியால், குடும்பத் தலைவராகிய தாங்கள் இணைப்பிலுள்ள படிவத்தில் கையொப்பமிட்டு மாத முடிவுக்குள் ஒப்படைத்தால் காணி தங்கள் பெயரில் பதியப்படும். தவறின் கோவை மூடப்படும். கோவை என்ற அந்தக் கோப்பு மூடப்பட்டால் வயல் அரசுக்குப் போகும். அரசு அதை வேறொருவருக்குக் கொடுக்கும்.

கையெழுத்து வைத்தால் வயல் என்னுடையதாகிவிடும். வைக்காவிட்டால் ஒருவருடையதும் ஆகாது.

கடிதம் வந்த செய்தி தவமணியின் தங்கை சரசுவுக்கு எட்டிய நாளிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. சரசு ஓய்வுபெற்ற தாதி. ஊசி போடும்போதும் வலிக்காது என்று பொய் சொல்லாதவள். வயல் பெண்வழியில் என் மகளுக்குப் போகவேண்டியது என்பது அவள் கட்சி. கதாநாயகிக்கு எங்கள் பேச்சைப் பழக்குவதற்கு நிரோஷன் அவளைத்தான் பிடித்திருந்தார். ஆகவே படப்பிடிப்பு நடந்த நாள்களில் அவளும் நானும் ஒரே வேனில், ஒருவரையொருவர் பாராமல், சரித்திரத்துக்குப் போய் வந்தோம்.

ஒரே வீட்டுக்குள் தபால்

தவமணியின் விண்ணப்பம் ஏன் பதினொரு ஆண்டுகள் கிடந்தது? ஏனென்றால் அதைக் கிடத்தியவன் நான்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'குடும்பத் தலைவரின் பெயர்'. அதில் எழுதப்படுபவருக்கே பத்திரம். தவமணி அதில் தன் பெயரை எழுதினாள். கணவன் இருக்கும்போது மனைவி தலைவராக முடியாது என்பது கந்தோரின் வழக்கம். கணவனை இழந்த பெண்களுக்கு நான் அந்தக் கட்டத்தைத் திறந்துவிட்டிருக்கிறேன். தவமணியிடம் இருந்த ஒரே குறைபாடு, அவளுடைய கணவன் உயிரோடிருந்தது.

என் பெயரில் எடுப்போம், பிறகு பார்ப்போம் என்றேன்.

"உங்கட பேரில எடுத்தா அது நீங்க எனக்குத் தந்ததாப் போகும்" என்றாள். "எங்கம்மா எனக்குத் தந்தத நீங்க ஏன் எனக்குத் தரணும்?"

மெய்யியலில் சிறப்புப் பட்டம் பெற்றிருந்தும் தர்க்கத்தை விட்டுப் படிவத்தைப் பிடித்துக்கொண்டேன். சட்டம் அப்படித்தான் என்றேன். மனைவிக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவரும் என்னைச் சொல்லிவிடக்கூடாது என்பதில் நான் மிகுந்த கவனமாக இருந்தேன். ஒருவரும் சொல்லவும் இல்லை. என் நேர்மை அவ்வளவு புகழ் பெற்றிருந்தது. செலவு அவளுடையது.

அதன் பிறகு அவள் கந்தோருக்கு எழுதத் தொடங்கினாள். பதிவுத் தபாலில். நான் காலையில் சைக்கிளை எடுக்கும்போது, அவள் குடையை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போவாள். இரண்டு நாளில் கடிதம் என் மேசைக்கு வரும். நான் பதில் எழுதுவேன். அதைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார். "அக்கா, ஐயாட கந்தோரில இரிந்து ஐயாட ஊட்டுக்குக் கடிதம்" என்பார். "ஐயாட ஊடு இல்ல தம்பி, என்ட ஊடு" என்று சொல்லிக் கையெழுத்திட்டு வாங்குவாள்.

இராச்சாப்பாட்டில் அதை உரக்க வாசிப்பாள்.

"'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.' ஓம், கிடைச்சிரிக்கும். முத்திரைய நக்கி ஒட்டினது நான்தானே. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' அப்பிடியா? இதில கையெழுத்து வச்ச மனிசன் ஆரெண்டு தெரியல்ல. படிச்ச மனிசன் போல. இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கவா?"

வைக்கச் சொல்வேன். புட்டில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவளுடைய எதிர்ப்பு வெளிப்படையானது, உணவுவரை வராது. என்னுடைய அடக்குமுறையும் அப்படியே. கந்தோர் நேரத்தில் மட்டும்.

கத்தாத துரை

கச்சேரிக்குத் திரும்புவோம். நாற்பது பேர் சிரித்த பிறகு நிரோஷன் படப்பிடிப்பை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரும் சரசுவும் களஞ்சியத்தின் பின்புறம் உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினார்கள். மாறிய கதையில் வீட்டை விட்டுத் துரத்தும் கணவன் இல்லை. வீடும் வயலும் அவளுடையவை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். கச்சேரிக்கு மட்டும் தெரியாது. பதிவுப் புத்தகத்தில் ஆண்பெயர் கேட்கிறார்கள்.

அது யாருடைய கதை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சரசு கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"சேர், வசனம் எழுத நேரமில்லை. நீங்களே சொல்லுங்க. நீங்க அந்த ஒபிஸில இருந்தவர்தானே" என்றார் நிரோஷன். "நல்லாக் கத்துங்க. பார்க்கிறவங்க உங்களை வெறுக்கணும்."

"தம்பி, கத்தும் வழக்கம் இல்லை" என்றேன். "நாங்கள் ஒருபோதும் கத்தியதில்லை."

அவர் நம்பவில்லை. சரித்திரப் படங்களில் கொடுமைக்காரனுக்கு முறுக்கு மீசையும் இடிக் குரலும் உண்டு. நான் அறிந்த கொடுமைக்காரனுக்கு வாசிப்புக் கண்ணாடியும் பத்து மணித் தேநீரும் இருந்தன. வந்தவர்களை உட்காரச் சொன்னான். 'அம்மா' என்றுதான் அழைத்தான்.

கமராவை முடுக்கினார்கள். கதாநாயகி முன்னால் வந்தாள். கொழும்பு நாடகமேடையில் பேரெடுத்த பெண். அதுவரை அவள் நடையில் ஒரு சோகம் இருந்தது. இப்போது அது காணப்படவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்தபடி, சந்தையில் மீன் பார்ப்பவள்போல வந்து நின்றாள். அது தவமணியின் நிற்பு என்று எனக்குத் தெரியும். சரசுவுக்கும் தெரியும், அவள்தானே பழக்கினாள்.

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன். "உட்காருங்கள் அம்மா" என்றேன். "தங்கள் கோரிக்கை நியாயமானது. எனக்கு அதில் ஐயமில்லை. ஆயினும் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. குடும்பத் தலைவரை அழைத்து வாருங்கள். அவர் பெயரில் எழுதிவிடலாம்."

கதாநாயகி உட்காரவில்லை. 

"தலைவர் வந்துதான் நிக்கிறன் துரை" என்றாள் அவள். "நீங்க கேக்கிற மனிசன் என்ட ஊட்டில வந்து இரிக்கிறவர். நல்ல மனிசன். சோறு போட்டா சாப்பிடுவார். வயல் அவருக்குத் தெரியாது. எந்த வரம்பில நண்டுப் பொந்து இரிக்கெண்டு கேட்டுப் பாருங்க."

சனங்கள் கலகலத்தார்கள். சின்னராசா கைதட்டினார். அடுத்து நான் 'அடுத்தவர்' என்று சொல்லவேண்டும். அவள் அழுதுகொண்டு விலக வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

நான் வாயைத் திறந்தேன். அந்த வேளையில் தெருவில் பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ தன் சங்கீதத்தை முழங்கிக்கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கலைந்துபோயிற்று.

"கட்! கட்! அந்தப் பாண்காரனை நிப்பாட்டுங்க!"

மூன்று பேர் ஓடினார்கள். போனவர்கள் மீன் அடைத்த மாலு பணிஸ் ஆளுக்கொன்றோடு திரும்பி வந்தார்கள்.

அடுத்தவர்

அந்த இடைவெளியில் மீசையைச் சரிபார்ப்பவள்போலச் சரசு என்னருகே வந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"அத்தான், அக்கா ஒருநாள் உங்கட கந்தோருக்கு வந்தவதானே."

"வந்தாள்."

"நம்பர் துண்டு எடுத்து, வரிசையில இரிந்து."

"ஓம்."

எழுதாமல் விடலாம் என்று நினைத்திருந்தேன். கடிதங்கள் தொடங்கிய சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காலை, தவமணி கந்தோருக்கு நேரில் வந்தாள். நீலக்கரைச் சேலை. எனக்கு மனைவியாக அல்ல, மனுதாரராக. இரண்டு மணித்தியாலம், வரிசைக்காரர் உட்காரும் வாங்கிலில் இருந்தாள். அவள் முறை வந்ததும் என் மேசைக்கு முன்னால் நின்றாள். கந்தோர் முழுவதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. நான் சற்றுமுன் கமராவுக்குச் சொன்ன வாக்கியத்தை, அதே சொற்களில், அவளுக்குச் சொன்னேன். பிறகு அவள் தோளுக்கு மேலால் வரிசையைப் பார்த்து, "அடுத்தவர்" என்றேன்.

அவள் அழவில்லை. "நல்லது ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிரவும் புட்டு இருந்தது. வாசிக்கக் கடிதம் இருக்கவில்லை.

"அத அவ ஆருக்கும் சொல்லல்ல" என்றாள் சரசு. "ஆசுப்பத்திரியில, கடைசிக் கிழமை, எனக்குச் சொன்ன. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்ன. 'என்ட புரிசன் என்னையே ஆரெண்டு கேட்ட மனிசன்டி, அவ்வளவு நேர்மை' எண்டு."

"நான் யாரென்று கேட்கவில்லை" என்றேன்.

"கேட்டிருந்தா நல்லா இரிந்திரிக்கும்."

நிரோஷன் அழைத்தார். நான் மீண்டும் மேசைக்குப் போனேன். கதாநாயகி நின்றாள். எல்லாம் முன்போலவே நடந்தது. நான் அவள் தோளுக்கு மேலால் பார்த்து, "அடுத்தவர்" என்றேன்.

மிகச் சரியாக வந்தது. நிரோஷன் மானிட்டருக்கு முன்னாலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். "சேர், பயங்கரம்! எங்க இருந்து எடுத்தீங்க இதை?"

வேனில் திரும்பும்போது சரசு பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வாவியைப் பார்த்தபடி கேட்டாள்.

"கையெழுத்து வச்சிட்டிங்களா?"

"இல்லை."

"வைக்கப் போறிங்களா?"

மீசை ஒட்டியிருந்த இடத்தில் பசை இழுத்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேன் காத்தான்குடிச் சந்தியைக் கடக்கும்வரை தேய்த்தேன்.

எழுத்தில்

மறுநாள் வேலைநாள். சரசுவையும் அழைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். நம்பர் துண்டு எடுத்தேன். வாங்கிலில் இருந்தேன். அது எவ்வளவு ஒடுக்கமானது என்பது மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

என் பழைய மேசையில் இப்போது இருப்பவர் ரவீந்திரன். நான் பழக்கியெடுத்த உத்தியோகத்தர். நாற்பதைத் தாண்டியவர். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"சேர்! நீங்க ஏன் வரிசையில? ஒரு போன் கோல் எடுத்திருந்தா படிவத்த நானே ஊட்ட கொண்டு வந்திரிப்பனே!"

படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். 'குடும்பத் தலைவரின் பெயர்' என்ற கட்டத்தில் என் மகளின் பெயரை எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சரசுவைப் பார்த்து, உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"சேர், இது ஏலாதே. உங்கட மகள் கலியாணம் முடிச்சவ. மருமகன் இரிக்கிறார். இந்தச் சட்டத்த நீங்கதானே எனக்குப் படிப்பிச்ச நீங்க."

"தவறாகப் படிப்பித்தேன். அது சட்டம் அல்ல, வழக்கம்."

"உங்கட பேரில எடுத்துட்டுப் பொறகு மகளுக்கு மாத்துவமே, சேர். லேசான வேலை."

"அந்த யோசனை எனக்குத் தெரியும்" என்றேன். "பதினொரு ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டாம்."

"அப்ப… பரிசீலனையில வச்சிரிப்பமா?"

சரசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையால் தடுத்தேன்.

"இல்லை. ஏலாது என்றால், ஏலாது என்று எழுத்தில் தாரும். காரணத்தோடு. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதோடு. அதை வைத்து நான் மேலே முறையிடுவேன். முறையீடு முடியும்வரை நீங்கள் கோவையை மூட முடியாது."

ரவீந்திரன் கையிலிருந்த பேனாவை மூடினார். "எழுத்திலயா சேர்?"

அவருடைய அச்சம் எனக்கு நன்றாக விளங்கியது. கந்தோரின் பெரிய இரகசியம் அதுதான். பரிசீலனையில் உள்ள ஒன்றை எதிர்த்து ஒருவரும் மேலே போக முடியாது. மறுப்பு எழுத்தில் வந்தால் போகலாம். ஆகவேதான் முப்பது ஆண்டுகளில் நான் ஒருவருக்கும் இல்லை என்று எழுதியதில்லை. தவமணி தன் கடைசிக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் கேட்டிருந்தாள். எழுத்தில் ஒரு 'இல்லை'. அதைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

"இரிக்கிறம் தம்பி" என்றாள் சரசு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. சோத்துப் பாசலும் கொண்டு வந்திரிக்கம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ரவீந்திரன் மேலதிகாரியின் அறைக்குப் போய் வந்தார். மறுபடியும் போய் வந்தார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து, அதன் முனையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்" என்றார் தாழ்ந்த குரலில், "இத எப்பிடி எழுதுறது? இப்பிடி ஒண்டு நான் எழுதினதே இல்ல."

நானும் எழுதியதில்லை. ஆயினும் சொல்லச் சொல்ல எழுதினார். என்னுடைய விண்ணப்பத்தை மறுக்கும் கடிதத்தை நானே சொல்லிக்கொடுத்தேன். திகதி. கோவை இலக்கம். பிறகு, "பொருள்: தவமணி அவர்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம்" என்றேன்.

பேனா நின்றது.

"அமரர் எண்டு போடவா சேர்?"

அந்தச் சொல்லை அவள் பெயருக்கு முன்னால் நான் அதுவரை எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒருவரையும் எழுத விட்டதுமில்லை. ரவீந்திரன் பொறுமையாகக் காத்திருந்தார். நான்தான் அவரை அப்படிப் பழக்கியிருந்தேன்.

"போடும்" என்றேன்.